அரச போன்சாய்: மார்கழியில் வெட்டுவதா, மாசியில் வெட்டுவதா?

ஜப்பானிய மேப்பிள் கடுங்குளிரில் இலை உதிர்த்து உறங்குவதால், குளிர்காலத்தில் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது, ஜப்பானில் வழக்கம். கும்பகோணத்தில் தொட்டியில் போன்சாயாக, அதாவது குறுமரமாக, வளரும் அரச மரத்துக்கு அந்த நாள்கணக்கு பொருந்தாது. மார்கழியில் அது பெரும்பாலும் இலையோடுதான் நிற்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் பனியும் நீடிப்பதால் வெட்டுவாய் காயத் தாமதமாகி, பூஞ்சை பற்ற இடமுண்டு. மாசியிலோ இலை பழுத்து உதிர்ந்து, கிளையமைப்பு முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றையொன்று குறுக்கிடும் கிளைகளையும், ஒரே இடத்தில் நெருங்கிக் கிளம்பிய கிளைகளையும் அப்போதுதான் பிழையின்றி இனங்காண முடியும். செந்தளிர் விடுவதற்குச் சற்று முன்பு மொட்டுக்கு மேலாக வெட்டினால், மரம் சேமித்து வைத்த சத்து எஞ்சிய மொட்டுகளுக்குச் செல்லும், காயமும் விரைவில் ஆறும். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். மார்கழியில் காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்கிவிட்டு, உயிருள்ள கிளைகளுக்கு நான் மாசியையே தேர்ந்தெடுப்பேன்.