ஐ-யின் அடுக்கு: நாலால் வகுப்பதா, இரண்டிரண்டாகப் பிரிப்பதா?

பிளஸ் டூவில் கலப்பு எண்கள் பாடம் தொடங்கினால் போதும், கோபியில் என் டியூஷன் திண்ணையில் இரண்டு கட்சி முளைத்துவிடும். ஐ-யின் பெரிய அடுக்குக்கு மதிப்புக் காண ஒரு கட்சி அடுக்கை நாலால் வகுத்து மீதியைப் பார்க்கும். இன்னொன்று இரண்டிரண்டாகப் பிரிக்கும். (கற்பனை அலகை, அதாவது −1-இன் வர்க்கமூலத்தை, இங்கே 'ஐ' என்றே எழுதுகிறேன். ஐ² = −1, ஐ³ = −ஐ, ஐ⁴ = 1. அப்புறம் மறுபடியும் ஐ.)

ஐ²⁰²³ என்ன? வகுக்கிறவருக்கு மீதி 3, விடை −ஐ.

"ஏனுங்க சார், 2023-ஐ முழுசா வகுக்கோணுங்களா?"

"வேண்டாங் கண்ணு, கடைசி ரெண்டு இலக்கம் போதும்."

100 நாலால் மீதியில்லாமல் வகுபடுவதால் 23-ஐ மட்டும் பார்த்தால் சரி. வேகத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் சறுக்குவதும் இங்கேதான். மீதி 0 வந்தால் விடை 1. பாதிப் பேர் 0 என்று எழுதுவார்கள். கால்குலேட்டரில் 505.75 பார்த்து மீதி 75 என்றவனும் உண்டு. அந்த .75 என்பது நாலில் மூன்று, அதாவது மீதி 3. மைனஸ் அடுக்கு வந்தால் இன்னும் மோசம். ஐ⁻³⁵-க்கு, 35-இன் மீதி 3 என்று −ஐ போட்டால் தப்பு. நாலின் மடங்கான 36-ஐ அடுக்கோடு கூட்டுங்கள். அடுக்கு 1, விடை ஐ.

பிரிக்கிற வழியில் ஒரு வரி கூடும்: ஐ²⁰²³ = (ஐ²)¹⁰¹¹ × ஐ. −1-க்கு ஒற்றைப்படை அடுக்கு, ஆகவே −ஐ. ஐ² = −1 தவிர மனப்பாடம் எதுவும் வேண்டாம். கணக்கென்றாலே பயப்படும் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்லித் தருவேன். ஒரு மதிப்பெண் கேள்விக்கு மட்டும் வகுத்தல்.

'ஏன் நாலு?' என்று கேட்பவருக்கு மூன்றாவது வழி. கலப்பு எண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் தளத்தில், ஐ-ஆல் ஒருமுறை பெருக்கினால் 90 பாகை திருப்பம். காட்டு வரப்பில் நடந்து நாலு மூலையிலும் திரும்பினால் புறப்பட்ட திசையையே பார்த்து நிற்போம், அவ்வளவுதான். மைனஸ் அடுக்கென்றால் எதிர்ப்பக்கமாகச் சுற்று.

√−4 × √−9 வந்தால் எந்தக் கட்சியும் உதவாது. உள்ளே பெருக்கி √36 = 6 என்று எழுதத்தான் கை பரபரக்கும். முதலில் ஐ-யை வெளியே எடுங்கள்: 2ஐ × 3ஐ = 6ஐ² = −6.