மணவறையா, போருவ மேடையா? மலையகத்தின் இரு திருமணங்கள்

இலங்கையின் மலையகத்தில், கண்டி, ஹட்டன், நுவரெலியா நகரங்களின் திருமண மண்டபங்களில் ஒரு முகூர்த்தத்துக்குத் தமிழர் மணவறையும் அடுத்த முகூர்த்தத்துக்குக் கண்டியச் சிங்களவரின் போருவ மேடையும் அமைக்கப்படுகின்றன. இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் உடையலங்காரத்தோடு நின்றுவிடுகின்றனர். எந்தக் கணத்தில், எதனால் திருமணம் நிறைவேறுகிறது என்பதில்தான் இவை உண்மையில் வேறுபடுகின்றன.

போருவ என்பது அலங்கரிக்கப்பட்ட மர மேடை. பழைய கண்டி அரசின் பிரதானிகளின் உடையணிந்த மணமகனும், கண்டியப் பாணிச் சேலையான ஒசரியும் நெற்றிப்பட்டமும் அடுக்கு மாலைகளும் அணிந்த மணமகளும், சோதிடர் குறித்த நேரத்தில் வலது காலை முன்வைத்து அதில் ஏறுகின்றனர். வெற்றிலை கொடுத்து வாங்குதல், மணமகளின் தாய்க்கு மணமகன் வெள்ளைத் துணி வழங்குதல், சிறுமியர் பௌத்த வாழ்த்துப் பாடலான ஜயமங்கல காதை பாடுதல் ஆகியன நிகழ்ந்தபின், இருவரின் சுண்டுவிரல்களும் நூலால் பிணைக்கப்பட்டு அவற்றின்மீது நீர் வார்க்கப்படுகிறது. கண்டியச் சிங்களவருள் பெரும்பான்மையினர் பௌத்தர்களாயினும் இச்சடங்கைப் பிக்கு நடத்துவதில்லை. வழக்கமறிந்த ஒரு பெரியவரே முன்னின்று நடத்துகிறார்.

தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் திருமணப் போக்கு வேறு. பரிசம் போடுவதில் தொடங்கி, பந்தக்கால், நலங்கு என்று அது நாட்கணக்கில் நீளும். மாரியம்மன் கோயிலிலோ நகர மண்டபத்திலோ, கெட்டிமேளம் முழங்க மஞ்சள் கயிற்றில் தாலி கட்டும் கணமே அதன் உச்சம். யாழ்ப்பாணத்தில் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குதல் சடங்கும் கனத்த தாலிக்கொடியும் பெறும் இடத்தை இங்கே எளிய கயிறு பெற்றுவிடுகிறது. அவ்வெளிமையை நான் குறையாகக் கருதவில்லை. விருந்துக்குப் பின் எழுதப்படும் மொய், அன்பளிப்பாக மட்டுமன்றித் திரும்பச் செய்யவேண்டிய கடனாகவும் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) உறவுகளிடையே நினைவில் வைக்கப்படுகிறது.

இரு மேடைகளிலும் தாய்மாமனுக்கு இடமுண்டு. போருவ மேடையில் விரல்களைப் பிணைத்து நீர் வார்ப்பவர் வழக்கமாக மணமகளின் தாய்மாமனே. தமிழர் திருமணத்தில் அவர் சீர் கொண்டு வருகிறார், மாலை சூட்டுகிறார், அவருடைய மனத்தாங்கல் தீராமல் முகூர்த்தம் நகராத வீடுகளும் உண்டு. சடங்கைப் பொறுத்தவரை இவ்விரு திருமணங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியவைதாம்.

சட்டத்தில்தான் இடைவெளி பெரிது. கண்டியச் சிங்களவரின் வழக்காற்றுச் சட்டமான கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட இருவர் எத்துணைச் சிறப்பாகப் போருவ மேடையேறினாலும், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படியோ பொதுச் சட்டத்தின்படியோ பதிவு செய்யாவிட்டால் அந்தத் திருமணம் செல்லாது. கண்டியப் பதிவில் அது 'தீக' முறையா, 'பின்ன' முறையா என்பதும் குறிக்கப்படுகிறது: மனைவி கணவன் வீட்டுக்குச் செல்வது முதலாவது, கணவன் மனைவியின் வீட்டில் வாழ வருவது இரண்டாவது. தீக முறையில் மணம் முடிக்கும் மகள் பொதுவாகத் தந்தையின் நிலத்தில் உரிமையை இழக்க நேர்வதால், படிவத்தின் அந்த ஒற்றைச் சொல் மேடையின் சடங்குகள் அனைத்தையும்விடக் கனமானது.

மலையகத் தமிழர் பொதுச் சட்டமான 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். அச்சட்டத்தின் கீழ், வழக்கச் சடங்குகளுடன் முறையாக நடந்த திருமணம் பதிவில்லாத காரணத்தால் மட்டும் செல்லாததாகிவிடாது. பதிவு அதற்குச் சிறந்த சான்று. இது தாராளமான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்காகக் கணவனின் மரணத்துக்குப் பின் விண்ணப்பிக்கும் பெண், கழுத்தில் தாலியிருந்தும் கையில் சான்றிதழ் இல்லாத நிலையில், தான் மனைவி என்பதைச் சாட்சிகளைக் கொண்டும் கடிதங்களைக் கொண்டும் நிறுவ வேண்டியவளாகிறாள். கண்டிய முறையின் கண்டிப்பு இந்த இடத்தில் மேலானது என்பதே என் கருத்து. நில உரிமையில் அது மகளுக்கு இழைக்கும் பாரபட்சத்தை அதற்காக ஏற்க வேண்டியதில்லை.

தமிழரும் சிங்களவரும் கலந்து மணம் புரியும்போது கண்டியச் சட்டம் பொருந்தாது. பொதுச் சட்டமே ஆளும். அத்தகைய குடும்பங்கள் காலையில் தாலி கட்டி மாலையில் போருவ மேடையேறலாம். ஒன்றை மட்டும் தேர்ந்தாலும் குறைவில்லை. பதிவாளரை மண்டபத்துக்கே அழைத்து, சாட்சிகள் கலைந்து செல்வதற்கு முன் கையொப்பத்தை முடித்துக்கொள்வது மட்டும் இரு வீட்டாரும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது.