கே-ஆன்: திரும்பத் திரும்பப் பார்த்தால் எது தாங்குகிறது, எது சலிக்கிறது

ஜப்பானிய ஸ்டுடியோ கியோட்டோ அனிமேஷனின் அனிமே தொடர் கே-ஆன், முதல் சீசன் 2009 ஏப்ரலில் தொடங்கியது. அடுத்த சீசன் 2010இல், சினிமா 2011 டிசம்பரில். நவோகோ யமாடா இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் தொடர் இது. பள்ளி இசைக் குழுவில் ஐந்து பெண்கள் (கிதார் யூய், பேஸ் மியோ, டிரம்ஸ் ரிட்சு, கீபோர்டு முகி, பின்னால் சேரும் ஒரு வகுப்பு இளைய கிதார் அசுசா), டீ, கேக், நடுநடுவே கொஞ்சம் பயிற்சி, கதை இவ்வளவுதான். ஒருமுறை பார்த்தவர்கள் "ஒன்றுமே நடக்கவில்லையே" என்பது நியாயமான புகார். பலமுறை பார்த்த பிறகு, பலம் பலவீனம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று படுகிறது. எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதே அது.

முதல் சீசன் 12 எபிசோடுகளுக்குள் பள்ளி வாழ்க்கையின் இரண்டு ஆண்டுகளை முடித்துவிடுகிறது. மூலம் காகிஃப்ளை வரைந்த நான்கு கட்ட காமிக்ஸ். நாலே கட்டத்தில் சிரிப்பை முடிக்கும் அந்த வேகம் திரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசுசா குழுவில் சேர்வதற்குள் சீசனில் பாதிக்கு மேல் ஓடிவிடுகிறது. முகிக்கு வசதியான வீட்டுப் பெண் என்பதைத் தாண்டி இங்கே பெரிய வேலையில்லை. யூய் ஆசைப்பட்ட கிப்சன் லெஸ் பால் கிதாரின் விலை 2,50,000 யென். கடை முகியின் குடும்பத்துக்குச் சொந்தம் என்பதால் 50,000க்கே கிடைத்துவிடுகிறது. பயிற்சி முகாமுக்கும் அவர்கள் பங்களாதான். சிக்கல் முளைத்த உடனே பணம் வந்து தீர்த்துவைத்தால் பதற்றம் எங்கிருந்து வரும்?

இன்னொரு உறுத்தல், ஆசிரியை சவாகோ மாணவிகளுக்கு வேஷம் கட்டிப் பார்க்கும் நகைச்சுவை. முதல் தடவையே சுமார்தான், திரும்பப் பார்க்கையில் சங்கடம். ஆறாவது எபிசோடில் கூச்சத்தை வென்று மேடையில் பாடி முடித்த மியோ தடுக்கி விழுகிறாள். அதை உள்ளாடை ஜோக்காக மாற்றியது, அந்தப் பாட்டுக்குச் சேர்ந்த மரியாதையைக் கெடுக்கிறது. இந்தத் தொடரில் எனக்கு மன்னிக்க மனம் வராத இடம் இதுதான்.

இரண்டாவது சீசனில் ஒரே ஒரு ஆண்டுக்கு 24 எபிசோடுகள். மாற்றம் உடனே தெரிகிறது. மழையில் கிதார் நனைந்துவிடுமோ என்று யூய் தவிப்பதற்கே ஒரு எபிசோடு (ஆறாவது) கொடுக்கிறார்கள். அக்காமார் எல்லாரும் சுற்றுலா போனபின் அசுசாவும் யூயின் தங்கை உய்யும் தோழி ஜுன்னும் பொழுதைப் போக்குவது ஐந்தாவது. உருவங்களும் மென்மையாகின்றன. பேசுகிறவரின் முகத்தை விட்டுவிட்டுக் கால்களைக் காட்டுவது யமாடாவின் பழக்கம்; வாய் மறைப்பதைக் கால் சொல்லிவிடும். முதல் பார்வையில் நழுவிப்போகும் இந்த நுணுக்கம்தான் மறுபடி பார்க்க வைக்கிறது.

இருபதாவது எபிசோடு இந்தத் தொடரின் உச்சம். கடைசிக் கலைவிழாக் கச்சேரி முடிந்து, ஐந்து பேரும் கிளப் அறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று பேச்சு போகிறது: கிறிஸ்துமஸ், புத்தாண்டு, புது மாணவிகளைச் சேர்ப்பது, அடுத்த கலைவிழா. அடுத்த கலைவிழா மூத்தவர்கள் நால்வருக்கும் கிடையாது என்பது அங்கேதான் உறைக்கிறது. யாரும் விளக்கம் சொல்வதில்லை, அழுகை மட்டும் வருகிறது. அதுவரை வெட்டியாகக் கழிந்ததாகத் தோன்றிய மதியங்கள் எல்லாம் சேர்ந்துதான் இந்தக் காட்சிக்குக் கனம் கொடுக்கின்றன. அதனால் இதை மட்டும் தனியாக வெட்டிப் பார்த்தால் ஒன்றும் ஏறாது.

கருவிகளில் இவர்கள் காட்டிய அக்கறை அபாரம். மியோவுக்கு இடக்கை ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ரிட்சுவுக்கு யமஹா ஹிப்கிக் டிரம்ஸ், முகிக்குக் கோர்க் ட்ரைட்டன் எக்ஸ்ட்ரீம் கீபோர்டு, சின்னக் கைகள் கொண்ட அசுசாவுக்குக் குட்டை ஸ்கேல் (தந்தி நீளம் குறைந்த) ஃபெண்டர் முஸ்டாங் கிதார். பாடுவது குரல் கொடுத்த நடிகைகளேதான். 2009இல் வந்த மினி ஆல்பம் ஜப்பானின் ஓரிகான் இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பள்ளிக்கூடமும் கற்பனையில் எழுந்ததில்லை. ஷிகா மாகாணம் டொயொசாட்டோவில் 1937இல் கட்டிய பழைய தொடக்கப் பள்ளிதான் மாதிரி. மாடிப்படிக் கைப்பிடியில் ஆமை உருவங்கள் இருப்பதை நிறுத்திக் கவனியுங்கள்.

ஆனால் இசைக்குழுவின் வளர்ச்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். முதல் சீசன் மூன்றாவது எபிசோடில் யூய் தேர்வுக்குப் படித்ததும் கிதார் கார்டுகளை (chords) மறந்துபோவது அழகான நகைச்சுவை. அதற்குப் பிறகு அவள் கை எப்படித் தேறியது என்பதைத் தொடர்ச்சியாகக் காட்டுவதில்லை. டீ குடித்தே நேரம் போகிறது, மேடையில் மட்டும் பிசிறில்லாமல் வாசிக்கிறார்கள். சண்டை சச்சரவும் அரிது. முதல் சீசன் 11இல் மியோ வேறொரு தோழியோடு நெருங்குவதைப் பார்த்து ரிட்சு பொறாமைப்படுவது ஒன்றுதான் நிஜமான உரசல், அதுவும் ஒரே எபிசோடில் ஆறிவிடுகிறது.

வரிசை விஷயத்தில் கவனம் வேண்டும். இரண்டாம் சீசனில் 24க்குப் பின் வரும் இரண்டு கூடுதல் எபிசோடுகள் பட்டமளிப்புக்கு முந்தைய சம்பவங்கள். கடைசியில் பார்த்தால் 24 தந்த உணர்வு கலைந்துவிடும், 23 முடிந்ததும் பார்த்துவிடுங்கள். சினிமா நேர்மாறு: அசுசாவுக்கான பாட்டு உருவான கதை அதில் இருப்பதால் 24ஐ முடிக்காமல் தொடாதீர்கள். ஒரே மூச்சில் பத்து எபிசோடு ஓட்டினால் மியோ பயப்படும் ஜோக்குகள் கட்டாயம் சலிக்கும். நாளுக்கு இரண்டு போதும்.