நேரோபோட்டில் ஒரு வருஷம்: வீட்டோடு போய்ப் பிள்ளைகளைப் பார்த்த கதை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார் என் அம்மா. இங்கிலாந்துக் கால்வாய்களில் அது பதினான்கு நாள். கட்டி நிறுத்த நிரந்தரத் துறை வைத்துக்கொள்ளாத படகு ஒரே இடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக்கூடாது என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குடியிருக்கப் படகு வாங்கும்போது எங்களைப் பயமுறுத்தியதே இந்த விதிதான். ஒரு வருஷம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், எங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்த சட்டம் வேறில்லை.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தேன், மனைவி நர்ஸ். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. மகள் மில்டன் கீன்ஸில் இருக்கிறாள். மகன் லெஸ்டருக்கு வடக்கே பர்ஸ்டாலில். மனைவியின் தங்கையும் சகலையும் லண்டன் ஹேய்ஸில். கிராண்ட் யூனியன் கால்வாயின் வரைபடத்தை ஒருநாள் விரித்துப் பார்த்தால், மூன்று வீட்டுக்கும் பக்கத்திலேயே போகிறது! அதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டு, 46,000 பவுண்டுக்கு ஒரு பழைய நேரோபோட், அதாவது கால்வாயில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகு, வாங்கினோம். நீளம் 57 அடி. வடக்கே சில கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் லாக்குகள் குட்டை என்பதால், எங்கும் போக நினைப்பவர்கள் இந்த அளவைத்தான் தேடுவார்கள். அகலம் ஏழு அடிக்கும் குறைவு. ஒன்றரை டவுன் பஸ் நீளத்துக்கு ஒரு நடைவழி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி அடுப்படியில் நின்றால் நான் பின்பக்கம் போகக் கரையில் இறங்கித்தான் சுற்ற வேண்டும்.

லாக் என்றால் என்னவென்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தொட்டி, இரண்டு பக்கமும் கதவு. தொட்டியில் நீரை நிரப்பினால் படகு மேலே போகும், வடித்தால் கீழே வரும். மதகுப் பலகையைத் தூக்க விண்ட்லாஸ் என்று ஒரு கைப்பிடி உண்டு. தஞ்சாவூரில் எங்கள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். புதாற்று ஷட்டரை அவர் சுற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அறுபத்தாறு வயதில் அதே வேலை எனக்கு வந்து சேர்ந்தது, சம்பளம்தான் கிடையாது. இங்கே பெரும்பாலும் ஆண்கள் சுக்கான் பிடிக்க, பெண்கள் கதவைத் தள்ளுகிறார்கள். எங்கள் படகில் தலைகீழ். சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். அது என் தலையில் ஏற மூன்று வாரம் ஆயிற்று, மனைவிக்கு ஒரு மத்தியானம் போதும்.

வேகக் கட்டுப்பாடு மணிக்கு நான்கு மைல். நிறுத்தியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. மகள் வீட்டிலிருந்து ஹேய்ஸுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எங்களுக்குப் பத்து நாள். நடுவே அறுபதுக்கும் மேற்பட்ட லாக்குகள். அவற்றில் ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்ட் லாக் ஏறுவது ஓரடிக்குச் சற்று மேல், அவ்வளவே. அதற்கும் கதவு, மதகு, கயிறு என்று எல்லாச் சடங்கும் உண்டு. வடக்கே மகன் வீட்டுப் பக்கம் போனால் 1805-இல் திறந்த பிளிஸ்வொர்த் சுரங்கம் வரும், இரண்டே முக்கால் கிலோமீட்டருக்கு மேல். உள்ளே எதிர்ப்படகும் வரும். அந்தக் காலத்தில் எஞ்சின் கிடையாது. குதிரையை மலைமேல் ஓட்டிவிட்டு, ஆட்கள் பலகையில் படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்தியிருக்கிறார்கள். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரில் தலை நனைந்து வெளியே வந்ததும் மனைவி கேட்டது: "ஏங்க, திரும்பி வரவும் இதே வழிதானா?"

சரி, உறவு விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் மகள் வீட்டுக்குப் போனால் நாங்கள் விருந்தாளிகள். அவர்கள் படுக்கையறையைக் காலி செய்து கொடுப்பார்கள், மாப்பிள்ளை சோபாவில் படுப்பார், நாலாம் நாள் யாருடைய முகமும் சரியாக இருக்காது. படகில் போனால் அவள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் எங்கள் வீடு நிற்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். பேரன் பள்ளி விட்டதும் நேரே படகுக்கு வருவான். ஒருநாள் மாப்பிள்ளையே தனியாக வந்து, காபி குடித்து, ஒரு மணி நேரம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். போகும் தேதி முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். "இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்" என்று உபசாரத்துக்குச் சொல்லவும் வேண்டாம், அதை நம்பித் தங்கவும் வேண்டாம். பதினான்கு நாள் என்பது உச்ச வரம்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஊருக்குள் பல இடங்களில் இரண்டு நாள், ஏழு நாள் என்று பலகை இருக்கும்.

சமையலைப் பற்றித்தான் தமிழர்கள் அதிகம் கேட்கிறார்கள். எங்களிடம் 13 கிலோ கேஸ் சிலிண்டர், ஐந்து வாரம் வந்தது. இட்லி வாரங்களில் நான்குதான். இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டரில் மிக்ஸி ஓடுகிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போதுதான் தைரியமாகப் போடுவோம். மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும், கதவைத் திறந்து வைத்துத் தாளிக்கப் பழகிக்கொண்டோம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் மட்டும் விளையாட வேண்டாம்; கரி அடுப்பு இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் தூங்குகிறோம். குளிர்காலத்தில் ஜன்னலெல்லாம் வியர்த்து, துவரம் பருப்பு டப்பாவில் பூஞ்சை பிடித்தது. வெங்காயம் பரவாயில்லை.

தண்ணீர்த் தொட்டி 500 லிட்டர், இருவருக்கு எட்டு நாள். கழிவறை கேசட் முறை. சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதற்கென உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். முதல் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆறாம் மாதம் வரிசையில் நிற்பவரோடு கிரிக்கெட் பேசினேன்.

உண்மையான ஏமாற்றம் பேட்டரி. "புதுசு" என்று விற்றவர் சொன்னதை நம்பினோம். ஐந்தாம் மாதம் ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றது, மாவு பொங்கி வழிந்தது. லித்தியத்துக்கு மாற்ற 1,900 பவுண்டு. கூரையில் உள்ள 400 வாட் சோலார் மே மாதத்தில் ராஜா, டிசம்பரில் அலங்காரம். வாங்குமுன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடித்தகட்டைச் சோதிக்கும் சர்வேக்குச் செலவழித்தோம், அது சரி. மின்சாரத்தையும் தனியாக ஒருவரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஹேய்ஸ் பக்கம் புல்ஸ் பிரிட்ஜை நெருங்கும்போது எஞ்சின் திணறிப் படகு நின்றே போனது. சுழலியில் (ப்ரொப்பெல்லரில்) ஏதோ சுற்றிக்கொண்டது. எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னால் உள்ள மூடியைத் திறந்து தண்ணீருக்குள் கைவிட்டேன். ரொட்டிக் கத்தியால் அறுத்து அறுத்து முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தது மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. மனைவி தொட்டுப் பார்த்து "ஜார்ஜெட்டுங்க" என்றார். சுற்றிலும் நாலைந்து தேங்காய் மிதந்தது. நம்மவர்கள் கங்கையென்று நினைத்து எதையெதையோ விடுகிறார்கள், விடட்டும். சேலையை மட்டும் விடாமல் இருந்தால் புண்ணியம்.

அக்டோபரில் லெஸ்டர் பக்கம் இறங்கினோம், தீபாவளிக்கு மகன் வீட்டில் இருக்க. வழியில் ஃபாக்ஸ்டனில் பத்து லாக்குகள் படிக்கட்டு மாதிரி அடுக்காக, 75 அடி இறக்கம். சிவப்பு மதகை முதலில், வெள்ளையை அப்புறம் திறக்க வேண்டும். மாற்றினால் செத்தாய் என்று அதற்கு ஒரு பாட்டே வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர்கள் கூடவே நடந்து வந்தார்கள். அன்று நான் சிக்னல் அறைக்குத் திரும்பிய மாதிரி சந்தோஷமாக இருந்தேன்.

லெஸ்டர் தாண்டினால் அது வெறும் கால்வாய் இல்லை, சோர் ஆறு. தீபாவளிக்கு அப்புறம் பெய்த மழையில் நீர்மட்டம் அளவுகோலின் சிவப்பைத் தொட்டது. அந்த நிலையில் படகை எடுக்கக்கூடாது. இப்படிப்பட்ட காரணம் இருந்தால் தகவல் சொல்லிவிட்டுக் கூடுதலாக நிற்கலாம், சட்டத்திலேயே இடம் உண்டு. பதினான்கு நாள் இருபத்தாறு நாளாயிற்று. ஆற்றோரம் ராத்திரி படுக்கப் பயந்து மகன் வீட்டுக்குள் போய்விட்டோம். பதினெட்டாம் நாள், குக்கர் எத்தனை விசில் வைப்பது என்பதில் ஆரம்பித்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றது. மகன் அலுவலகத்திலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தான். நான் தினமும் காலையில் நடந்துபோய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சைக்கு இறங்கிய அன்று மருமகளே ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்து, "மாமா, சித்திரைக்கு வந்துருங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஆன செலவு: படகு உரிமம் சுமார் 1,400 பவுண்டு. நிரந்தரத் துறை இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் கூடுதல் கட்டணம் சேர்கிறது, அது 2028 வரை வருஷாவருஷம் ஏறும். டீசல் 1,100, காப்பீடு 250, கரி 600, கேஸ் 400. குளிர்காலத்தில் லாக்குகளைப் பழுது பார்க்க அடைத்துவிடுவதால் மூன்று மாதத்துக்கு ஒரு துறையில் காசு கொடுத்து நின்றோம், 700. ரத்த அழுத்த மாத்திரைக்கும் கடிதங்களுக்கும் மகள் முகவரி.

முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குமுன் ஒரு வாரம் வாடகைப் படகில் போய்ப் பாருங்கள். எனக்குத் தோள் போயிற்று, பிசியோதெரபி நடக்கிறது. இனி ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் படகு, மற்ற மாதங்களில் ஒரு சின்ன ஃபிளாட் என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போது படகு கரையில் ஏறி நிற்கிறது, அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு முன் இறக்கிவிட வேண்டும். பேரன் தனக்கு ஒரு விண்ட்லாஸ் வேண்டுமென்று கேட்டிருக்கிறான், சின்னதாக, சிவப்பு நிறத்தில்.