இரும்புக் கூடு, அலுமினியக் கூடு: எடுத்து வைக்கலாமா, விட்டுவிடலாமா?

சுட்ட தோட்டாவின் கூட்டிலிருந்து பழைய ப்ரைமரைத் தள்ளிவிடும் டீகேப்பிங் பின் மறுபடியும் உடைந்துபோய், புதுசு மாட்டி, ரீலோடிங் பிரஸ் மேலே சிதறிக் கிடந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. “அண்ணே, சுடுற ரேஞ்சில் இரும்புக் கூடா கொட்டிக் கிடக்குது, ஒருத்தரும் பொறுக்குறதில்லை, நான் எடுத்து வைக்கட்டுமா?” என்று. “தொடாதீங்க” என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டேன். கோபம் பின் மேலே, வசவு தம்பிக்கு. கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆனாலும் பல வருஷமாக இரும்புக் கூட்டை ரீலோட் செய்து, அதாவது சுட்ட கூட்டில் புது ப்ரைமரும் மருந்தும் குண்டும் போட்டு, சுட்டுக்கொண்டிருப்பவன் கொஞ்சம் நியாயமாகவும் பேச வேண்டும் இல்லையா, அதனால் இந்த நீண்ட பதில்.

டை என்பது விரிந்த கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு, ப்ரைமர் என்பது கூட்டின் அடியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, இந்த அளவு தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டம் ரீலோடிங்கை அனுமதிக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இரும்பு பிரச்சினையே இல்லை, பெர்டான் ப்ரைமர்தான் பிரச்சினை. 1866-ல் அமெரிக்கரான ஹைரம் பெர்டான் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அதே வருஷம் இங்கிலாந்தில் எட்வர்ட் பாக்ஸர் இன்னொன்றுக்கு வாங்கினார். கடைசியில் அமெரிக்கரின் ப்ரைமர் ஐரோப்பா, ரஷ்யா பக்கம் போய்ச் சேர்ந்தது, ஆங்கிலேயரின் ப்ரைமரை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பாக்ஸர் வகையில் அடிமுனை, அதாவது துப்பாக்கி ஊசி அடிக்கும்போது ப்ரைமரின் மருந்து நசுங்கிப் பற்றிக்கொள்ளும் முனை, ப்ரைமருக்குள்ளேயே இருக்கும், கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே ஓட்டை, பின் நேராக இறங்கிப் பழைய ப்ரைமரைத் தள்ளிவிடும். பெர்டானில் அந்த அடிமுனை கூட்டோடு சேர்ந்த ஒரு மேடு, அதன் இரண்டு பக்கமும் ஊசி நுழையும் அளவுக்குச் சின்ன ஓட்டைகள். பின் இறங்கினால் அந்த மேட்டில்தான் போய் முட்டும். லீவர் பாதி வழியில் நிற்கும், கை அதை உணர்வதற்குள் இன்னும் கொஞ்சம் அழுத்தம் போயிருக்கும், ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போட வேண்டியதுதானே?” என்பார்கள். பார்க்காமல் யார் போடுகிறார்கள்? 9 மி.மீ பிஸ்டல் கூட்டில் பட்டப்பகலில் பார்த்தால் ஓட்டை ஒன்றா இரண்டா என்று தெரியும். ஆனால் சுட்ட இரும்புக் கூட்டின் உட்புறம் கரி படிந்து அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துக் கிடக்கும், கழுத்துச் சிறுத்த ரைஃபிள் கூடாக இருந்தால் சின்ன டார்ச்சை வாயில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வாளிக் கூட்டுக்கு இதைச் செய்து பாருங்கள், தெரியும். இதில் என்ன கொடுமை என்றால், ஒரே கம்பெனி, ஒரே நிறம், அடியில் ஒரே முத்திரை, ஆனால் ஒரு லாட்டில் பாக்ஸர், அடுத்த லாட்டில் பெர்டான். பெட்டியில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? யார் அந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை.

லீ கம்பெனியின் டையில் பின் அமைப்பே வேறு, அழுத்தம் மிஞ்சினால் உடையாமல் பிடியிலிருந்து நழுவி மேலே ஏறிக்கொள்ளும். மறுபடி இறக்கி முறுக்கிக்கொள்ளலாம். மற்ற பல டைகளில் பின் போனால் போனதுதான். பெர்டான் ப்ரைமரைக் கழற்றக் கொக்கிக் கருவி உண்டு, கூட்டில் தண்ணீர் நிரப்பி மேலிருந்து அடித்துக் கழற்றுகிறவர்களும் உண்டு. அப்படிக் கழற்றினாலும் புது பெர்டான் ப்ரைமர் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் அளவு பொருந்த வேண்டும். அந்த ஆர்வம் உள்ளவர்களுக்கு என் வணக்கம், எனக்கு வேறு வேலை இருக்கிறது.

சரி, நியாயத்துக்கு வருவோம். பாக்ஸர் ப்ரைமர் போட்ட இரும்புக் கூட்டை ரீலோட் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். டை பாழாகிவிடும் என்ற பயம் வீண் பயம், கூடு செய்வது மென்மையான, கரி குறைந்த இரும்பில், டை கடினப்படுத்திய எஃகு அல்லது அதைவிடக் கடினமான கார்பைடு. டையில் கோடு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கூட்டில் ஒட்டியிருக்கும் மண்ணும் மணலும்தான், அது பித்தளைக் கூட்டில் ஒட்டியிருந்தாலும் கோடுதான். கழுவிவிட்டுப் போடுங்கள், கார்பைடு டையாக இருந்தாலும் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், லீவர் எவ்வளவு லேசாக இறங்குகிறது என்று பாருங்கள். ப்ரைமர் குழி தளர்ந்துபோவது என்பது எனக்கு இரும்பில் வந்ததே இல்லை. அழுத்தி உட்கார வைத்தால் அப்படி ஒரு இறுக்கம், கைக்கே திருப்தியாக இருக்கும். பித்தளையில் இப்படி உட்காரும் கூடு எனக்குக் கிடைப்பதே அபூர்வம்.

இது ஒன்றும் புதுப் பரிசோதனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில்லில் கிறைஸ்லர் கார் கம்பெனி நடத்திய ஆலை, .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவை இரும்புக் கூட்டில் மலைமலையாகச் செய்து தள்ளியது. அதே தட்டுப்பாட்டில்தான் 1943-ல் ஒரு சென்ட் நாணயத்தையே துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்தார்கள். ‘இசி 43’ என்று அடியில் பொறித்த அந்தக் கூடுகள் பாக்ஸர் வகை, போர் முடிந்த பிறகு ரீலோட் செய்கிறவர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள். .45 ஏசிபி-யின் அழுத்த வரம்பு 21,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). 9 மி.மீ என்றால் 35,000, .223 ரைஃபிள் தோட்டா என்றால் 55,000. அழுத்தம் குறைவான தோட்டாவில் எந்த உலோகமும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

இரும்பின் நிஜமான குறை வேறு. பித்தளை, அதாவது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த கலவை, சுடும்போது விரிந்து சேம்பரை, அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை, அடைத்துவிட்டு, அழுத்தம் இறங்கியதும் நன்றாகச் சுருங்கிக்கொள்ளும். இரும்பின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதனால் விரிந்த பிறகு அது திரும்பிச் சுருங்கும் அளவு குறைவு. சேம்பரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வரும், கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர்தான் பாவம். ஏகே-47 ரைஃபிளின் 7.62×39 தோட்டாவின் உடல் அப்படிச் சரிவாக இருப்பதால்தான் இரும்புக் கூடு அதில் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. இன்னொன்று, அழுத்தம் குறைவாக இருக்கும்போது இரும்பு சரியாக அடைக்காது, கரி பின்னால் கசிந்து சேம்பர் முழுக்கப் படியும். இரும்புக் கூட்டின் மேல் பூசும் அரக்குப் பூச்சு உருகி ஒட்டிக்கொள்கிறது என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தக் கரிதான். இரும்பு சுட்டுவிட்டுத் துடைக்காமல் பித்தளை போட்டால் சிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

துருவும் உண்டு. டைக்குள் ஒருமுறை போய் வந்தால் பூச்சு ஆங்காங்கே உரிந்திருக்கும், ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் செம்பழுப்பாகப் பூத்துவிடும். நாலைந்து தடவை சுட்ட பிறகு வாய்ப்பக்கம் மயிரிழை அளவுக்குக் கீறல் வரும், நகத்தை வைத்துச் சுற்றினால் தட்டுப்படும். அதோடு அந்தக் கூட்டைக் கைகழுவிவிட வேண்டும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேஷம் போடும் கூடுகள். இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசி, பார்த்தால் அச்சு அசல் பித்தளை மாதிரியே பளபளவென்று இருக்கும். ரேஞ்சில் குனிந்து பொறுக்கும்போது கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. காந்தம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது, வாளிக்குள் காந்தத்தை விட்டுக் கலக்கினால் இரும்பெல்லாம் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். பித்தளை மாதிரியே அலுமினியமும் ஒட்டாது. அதைக் கையில்தான் பிடிக்க வேண்டும், நிக்கல் முலாம் பூசிய பித்தளையும் அதே வெள்ளி நிறம்தான், ஆனால் எடையில் மாட்டிக்கொள்ளும். சிமெண்ட் தரையில் போட்டால் பித்தளை ‘கணீர்’ என்னும், அலுமினியம் ‘டொக்’ என்று விழும்.

அலுமினியத்தைப் பற்றி ரொம்பப் பேசப்போவதில்லை. வேண்டாம். பிளேசர் என்ற பிராண்டின் அலுமினியக் கூட்டின் அடியில் ‘என்ஆர்’ என்று பொறித்தே கொடுக்கிறார்கள், ரீலோட் செய்யக் கூடாது என்று செய்தவனே சொல்கிறான். பாக்ஸர் ஓட்டை இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஒருமுறை விரிந்து, டையில் சுருங்கி, மறுபடி விரிவதற்குத் தேவையான இழுபடும் தன்மை அதற்கு இல்லை. கீறல் விட்டால் அந்த இடுக்கில் பாயும் சூடான வாயு அலுமினியத்தையே அரித்துக்கொண்டு போகும், பித்தளையில் கரிக்கோட்டோடு முடிவது இதில் துப்பாக்கியையே பதம் பார்க்கும். அதன் மேல் படியும் ஆக்சைடு உப்புத்தாளில் தேய்க்கப் பயன்படும் அதே பொருள், டைக்கும் அது நல்லதில்லை. “நான் மூணு தடவை போட்டேன், ஒண்ணும் ஆகலை” என்று ஒருவர் எப்போதும் இருப்பார். இருக்கட்டும்.

நிக்கல் முலாம் பூசியது உள்ளே பித்தளைதான், தயங்காமல் எடுங்கள், டையில் வெண்ணெயாகப் போகும், வாய் மட்டும் சீக்கிரம் பிளக்கும். ஷெல் ஷாக் கம்பெனியின் என்ஏஎஸ்3 இரண்டு துண்டு, மேலே நிக்கல் கலந்த எஃகு, அடியில் அலுமினியம். அதை ரீலோட் செய்யலாம், ஆனால் அவர்களுடைய தனி டை வேண்டும், சாதாரண டையில் இழுத்தால் மேல்பாதி வேறு அடிப்பாதி வேறாகக் கையோடு வந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பித்தளை இல்லாத கூட்டில் உலகத்திலேயே அதிகம் ரீலோட் ஆவது ஷாட்கன் தோட்டாவின் பிளாஸ்டிக் கூடுதான்! 1960 வாக்கில் ரெமிங்டன் கம்பெனி பிளாஸ்டிக்குக்கு மாறியது, 1965-ல் வின்செஸ்டர் கம்பெனியின் ஏஏ கூடு வந்தது, அன்றிலிருந்து பறக்கவிட்ட களிமண் தட்டைச் சுடுகிறவர்கள் பொறுக்கிப் பொறுக்கி ரீலோட் செய்கிறார்கள். வாயை மூடும் மடிப்பு இதழ்கள் விரிசல் விடும் வரை ஓடும், ப்ரைமர் பாக்ஸர் மாதிரியே நடுவிலிருந்து தள்ளினால் வந்துவிடும், பின் உடைகிற பேச்சே இல்லை. “பித்தளை இல்லையென்றால் குப்பை” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் ஆட்களின் பையைத் திறந்து பார்த்தால் ஏஏ கூடு நிறைய இருக்கும்.

ஆக, தம்பி, இரும்பை இவ்வளவு புகழ்ந்துவிட்டு நான் சொல்வது: 9 மி.மீ இரும்பைக் குனிந்து எடுக்காதீர்கள். பக்கத்திலேயே பித்தளை கொட்டிக் கிடக்கும்போது டார்ச்சும் காந்தமும் ஒற்றைக்கண்ணுமாக உட்காருவதற்கு நம் சாயங்காலம் அவ்வளவு மலிவில்லை. .45 பாக்ஸர் இரும்பு கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். சுட்ட கூட்டைத் திரும்பப் பொறுக்க விடாத போட்டிகள் இருக்கின்றனவே, அங்கே கொண்டுபோய்ச் சுட அதைவிடத் தோதான கூடு கிடையாது, போனால் போகட்டும் என்று விட்டுவரலாம். பித்தளை கிடைக்காத காலம் ஒன்று வந்தால் நான் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு 9 மி.மீ இரும்பையும் பொறுக்குங்கள், நானும் உங்கள் பக்கத்தில் குனிந்துகொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும், இரும்பில் செய்த தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தனி டப்பாவில் வையுங்கள். கூட்டுக்குள் கொள்ளும் அளவு பித்தளையோடு ஒத்துப்போகும் என்று நம்பி அதே வெடிமருந்து அளவைப் போடாதீர்கள், ரீலோடிங் கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து புதிதாகத்தான் ஏற வேண்டும். பழைய பித்தளையை எடைக்குப் போடுகிறவர்கள் அதற்குள் இரும்பு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவரிடமும் காந்தம் இருக்கும்.