‘அசல் தோல்’ என்று விற்கப்பட்ட ஸ்லிப்-ஆன் ஷூ: வாங்குவோர் கவனத்துக்கு

‘அசல் தோல், நாள் முழுவதும் நடந்தாலும் கால் வலிக்காது’ என்ற வாசகத்தை நம்பி, இணைய விற்பனையாளர் ஒருவரிடம் நாடா இல்லாத பழுப்பு நிற ஸ்லிப்-ஆன் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். அது அழகாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஜீன்ஸுக்கும் பொருந்தியது, சற்றே மிடுக்காக உடுத்தும் நாட்களுக்கும் பொருந்தியது. முதல் நாள் வீட்டுக்குள் போட்டு நடந்தபோது பாதம் பஞ்சில் புதைவது போலிருந்தது. அந்த மென்மையில்தான் நான் ஏமாந்தேன்.

அதற்குக் காரணம் உள்ளே இருந்த மெமரி ஃபோம் அட்டை. உடல் எடைக்கும் சூட்டுக்கும் இளகிப் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும் அந்த நுரை, அடர்த்தி குறைந்த மலிவான வகையாக இருந்தால், மீண்டு எழும் தன்மையை விரைவிலேயே இழந்துவிடுகிறது. என் ஷூவில் மூன்றாவது வாரமே குதிகாலுக்கு அடியில் அது காகிதம் போலத் தட்டையாகிவிட்டது. நாடா கட்டும் ஷூவாக இருந்திருந்தால் இறுக்கிக் கட்டிச் சமாளித்திருப்பேன். ஆனால் இந்த வகை ஷூவில் பாதத்தைப் பிடித்து வைப்பவை மேற்பகுதியின் சரியான அளவும் பக்கவாட்டில் தைத்திருக்கும் எலாஸ்டிக்கும் மட்டுமே என்பதால், உள்ளே இடம் கூடியதும், எலாஸ்டிக்கும் தளர்ந்ததும், ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலெழுந்து உரசிக் கொப்புளம் உண்டாயிற்று. ஷூ கழன்றுவிடாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே நடந்ததில் கெண்டைக்கால் வலியும் சேர்ந்துகொண்டது.

அடுத்த சில நாட்களில், விரல்கள் மடங்கும் இடத்தில் மேற்பூச்சு உரிந்து அடியிலிருந்த துணி தெரிந்தது. நான் வாங்கியது வெறும் ரெக்சின். பல ஷூக்களில் உட்புறத்திலோ அடிப்பாகத்திலோ சிறு குறியீடுகள் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதில் விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல், அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சு பூசிய தோல், சாய்சதுரம் மட்டும் இருந்தால் தோலும் துணியும் அல்லாத வேறு பொருள் என்று அர்த்தம். என் ஷூவின் ஒட்டுத்தாளில் மேற்பகுதியைக் குறிக்கும் படத்துக்கு நேரே இருந்தது சாய்சதுரம் மட்டும்தான். முதல் நாளே கையிலிருந்த சாட்சியை நான் பார்க்கத் தவறியது என் பிழை.

ஆகவே இவ்வகை ஷூவை வாங்குவோர், பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன் சிறிது இடம் இருக்கிறதா, குதிகால் நழுவாமல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். உள் அட்டை கழற்றக் கூடியதானால், அதை எடுத்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று கையால் அழுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். என்னுடையது நட்டநடுவில் துணி போல மடிந்தது.

விற்பனையாளரிடம் முறையிட்டபோது, அணிந்த ஷூவைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது. அணியாமல் இந்தக் குறைகளை எப்படி அறிவது என்ற என் கேள்விக்குப் பதிலே இல்லை. ஒட்டுத்தாளைப் படமெடுத்து அனுப்பிய மறுநாள், அவர்களது விற்பனைப் பக்கத்தில் ‘அசல் தோல்’ என்பது ‘தோல் போன்ற தோற்றம்’ என்று மாறியிருந்தது. பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.