பிளாக் விரிசலுக்கு வீட்டுக்கே வந்து வெல்டிங்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் டீசல் லாரியின் என்ஜின் பிளாக்கில், அதாவது என்ஜினின் வார்ப்பிரும்பு உடம்பில், விட்ட விரிசல் நான்கு விரல் நீளம்தான். வெளிப்பக்கம், கண்ணுக்குத் தெரியும் இடம், கை எட்டும் இடம். முறையாகச் செய்திருந்தால் பிளாக் பிழைத்திருக்கும். "வீட்டுக்கே வர்றேன், என்ஜினை இறக்க வேண்டாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்ற ஒருவரை நம்பி முழுப்பணத்தையும் கொடுத்தேன். இன்று அந்த பிளாக் பழைய இரும்பாக எடைக்குத்தான் போகும்.

விரிசல் வந்தது என் தவறால்தான், அதை மறைக்கவில்லை. ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்திருக்கிறது. ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதும் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டி, என்ஜின் ஆறும்வரை பொறுக்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். சூடேறிய வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், பக்கத்து இடம் சுருங்காது. வார்ப்பிரும்புக்கு இழுபடத் தெரியாது, விட்டுக்கொடுக்கும் இடத்தில் பிளந்துவிடும். கடுங்குளிரில், தண்ணீர் உறையாமல் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் இல்லாமல் நிறுத்திய வண்டிகளிலும் இதே கதைதான். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருத்து சுவரை உடைத்துவிடும். இன்னும் சில என்ஜின்களில் வார்ப்புச் சுவரே மெலிது. 1998 முதல் 2001 வரை வந்த 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் என்ஜின்களில் '53' என்ற எண் பதிந்த பிளாக்குகள் வாட்டர் ஜாக்கெட் (பிளாக்குக்குள் கூலன்ட் ஓடும் இடம்) பக்கவாட்டில் விரிசல் விடுவதற்குப் பெயர்போனவை. என் வண்டி அதுவல்ல. ஆனால் அந்த பிளாக்குகளைப் பலர் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு வயிறெரிந்தது.

வந்தவர் நன்றாகத்தான் பேசினார். விரிசலை விரலால் தடவிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு வேலையே இல்லண்ணே, நிக்கல் ராடுல அடிச்சிடலாம்" என்றார். நிக்கல் ராடு விலை அதிகம் என்று அதற்குத் தனியாக முன்பணம் வாங்கினார். நான் கொஞ்சம் கேட்டறிந்து வைத்திருந்தேன். "தம்பி, விரிசலோட ரெண்டு முனையிலயும் துளை போட வேண்டாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய காலத்து வேலைண்ணே. நம்ம முறை வேற" என்றார். அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

முனையில் துளை போடுவது பழைய காலத்து வேலை அல்ல. விரிசலின் முனை ஊசிபோலக் கூர்மையானது, இழுவிசை முழுவதும் அங்கேதான் குவியும். அங்கே சிறு துளை போட்டால் கூர்மை போய்விடும், விரிசல் மேலே ஓடாது. அதற்கு முதலில் முனை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விரிசல் முடிவதில்லை. பெயிண்டையும் எண்ணெயையும் சுத்தமாக நீக்கி, சிவப்புச் சாயத்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் மயிரிழைச் சிவப்புக் கோடாக எழும்பி வரும். மூன்று ஸ்ப்ரே டப்பா வேலை, வீட்டிலேயே செய்யலாம். அவரிடம் அந்த டப்பாக்கள் இல்லை. கிரைண்டரை எடுத்து, தெரிந்த நீளத்துக்கு மட்டும் 'வி' வடிவில் பள்ளம் போட்டார்.

பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னதும் நான்தான். வெல்டிங் கரண்ட் திரும்பும் எர்த் கிளாம்ப்பைக் கொண்டுபோய் சேசிஸின் மறுகோடியில் மாட்டினார். கிளாம்ப் வேலை நடக்கும் இடத்துக்கு ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதில் குழி விழவைக்கும், எலக்ட்ரானிக் வண்டியாக இருந்தால் கன்ட்ரோல் யூனிட்டும் போகலாம். பக்கத்திலேயே டீசல் லைன் போகிறது. அதை ஈரச்சாக்கு போட்டு மூடியது என் மனைவி.

பிறகு நான்கு விரல் நீளத்தையும் ஒரே இழுப்பில் அடித்தார். சூடுபடுத்தவில்லை, சுத்தியலால் தட்டவில்லை, ஆறவிடவில்லை. வெல்டிங் முடிந்து இரண்டு நிமிடம் இருக்கும், 'டிங்' என்று மெல்லிய ஓசை கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கேட்காதவர்போல உலோகப் பேஸ்ட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஓசை வார்ப்பிரும்பு பிளக்கும் ஓசை. இப்போது எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

மேலே அந்த பேஸ்ட் (எபாக்ஸி என்ற கெட்டியாகும் பசை), அதற்குமேல் பெயிண்ட். பார்க்கப் புது பிளாக் போலிருந்தது. ரேடியேட்டர் மூடியைப் போடாமலே என்ஜினைப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, "பாருங்கண்ணே, ஒரு சொட்டு இல்ல" என்றார். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மூடி இல்லாமல் ஓட்டிக் காட்டுவது சோதனையே அல்ல. கூலிங் சிஸ்டம் அழுத்தத்தில் இயங்குவது. சாதாரண மூடியே சுமார் 15 பிஎஸ்ஐ தாங்கிப் பிடிக்கும். லோடு ஏற்றி, சூடு பிடித்து, அழுத்தம் ஏறும்போதுதான் விரிசல் வாய் திறக்கும். கையால் அடிக்கும் சிறிய பிரஷர் டெஸ்டர் ஒன்று இருக்கிறது. அதை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றி, இருபது நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் போதும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. அவர் அதைச் செய்து காட்டும்வரை பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு மிச்சமாகியிருப்பது என்ஜின்.

இரண்டு வாரத்தில் கூலன்ட் மறுபடி இறங்கியது. கூப்பிட்டேன், வந்தார். பேஸ்ட்டைச் சுரண்டிக்கூடப் பார்க்காமல் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் சீலன்ட்டை ஊற்றினார். விரிசலை அடைக்கும் மருந்து மற்ற இடத்தையும் அடைக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. சில நாளில் கேபின் ஹீட்டர் சூடு தரவில்லை, டெம்பரேச்சர் முள் முன்பைவிட வேகமாக ஏறியது. ஒரு காலை ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தபோது ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவேயில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், என்ஜின் வேலையில் பழுத்த ஒரு பெரியவரிடம் விட்டேன். அவர் முதலில் பேஸ்ட்டைச் சுரண்டினார். வெல்டிங்கின் இரு முனையையும் தாண்டி விரிசல் ஓடியிருந்தது. வெல்டிங்குக்கு இணையாக, அதை ஒட்டியே, புதிதாக இன்னொரு விரிசல். ஒன்று உள்பக்கம் ஆயில் இருக்கும் அறைவரை போயிருந்தது. கூலன்ட் ஆயிலில் கலந்த வழி அதுதான். ஒரு அரத்தை என் கையில் கொடுத்து, "வெல்டிங் ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க" என்றார். கண்ணாடியில் தேய்த்ததுபோல வழுக்கியது.

பிறகு அவர் விளக்கியது இன்றும் மனதில் நிற்கிறது. சாதாரண எஃகு ராடில் கரி (கார்பன்) மிகக் குறைவு. வார்ப்பிரும்பில் 3 சதவீதம் அளவுக்கு இருக்கும். எஃகு ராடைக் கொண்டு வார்ப்பிரும்பில் அடித்தால் உருகிய எஃகு அந்தக் கரியை உறிஞ்சிக்கொண்டு, வேகமாக ஆறும்போது கண்ணாடிபோலக் கெட்டியாகிவிடும். ஆறும்போது சுருங்குகிறது, பக்கத்து வார்ப்பைப் பிடித்து இழுக்கிறது, வார்ப்பு பிளக்கிறது. நிக்கல் மிருதுவானது, கரியால் அப்படிக் கெட்டியாகாது, அரம் பிடிக்கும். அதனால்தான் நிக்கல் ராடு. அதையும்கூட ஒரு அங்குலம் அடித்து, சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்க முடிகிற அளவு ஆறியபின் வேறு இடத்தில் அடுத்த அங்குலம் என்று பொறுமையாகப் போக வேண்டும். பிளாக் முழுவதையும் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கி வெல்டிங் செய்து மெல்ல மெல்ல ஆறவைக்கும் முறையும் உண்டு. அதற்கு என்ஜினை இறக்கி, எல்லாப் பாகத்தையும் கழற்றி, வெறும் பிளாக்காகக் கொண்டுபோக வேண்டும். சேசிஸில் மாட்டிய நிலையில் அது நடக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டப்பாவைத் தேடி எடுத்தேன். அன்று தரையில் கிடந்த ராடு துண்டுகளைக் குழந்தைகள் மிதிக்காமல் இருக்க அதில் பெருக்கிப் போட்டிருந்தேன். ஹோல்டர் பிடிக்கும் முனைக்குப் பக்கத்தில், பூச்சின்மேல், எல்லாத் துண்டிலும் 6013 என்று அச்சிட்டிருந்தது. கேட், கிரில் அடிக்கும் சாதாரண எஃகு ராடு. நிக்கல் என்று சொல்லித் தனியாகக் காசு வாங்கியது இதற்குத்தான். வேலை தெரியாமல் ஒருவர் கெடுத்தால்கூட மன்னித்துவிடலாம். இது தெரிந்தே செய்தது.

அந்த நான்கு விரல் விரிசலுக்குச் சரியான வழி தையல் முறை என்றார் பெரியவர். சூடே இல்லாத வேலை. விரிசலின் மேல் துளை போட்டு, மரை போட்டு, உலோகத் திருகாணியை இறுக்கி, தலையை வெட்டிவிடுவார்கள். அடுத்த துளை முதல் திருகாணியையே கொஞ்சம் கடித்துக்கொண்டு விழும். இப்படி ஒன்றையொன்று கவ்வி வரிசையாகப் போகும். தேவைப்பட்ட இடத்தில் விரிசலுக்குக் குறுக்கே பூட்டுத் துண்டுகளையும் பதிப்பார்கள். '53' பிளாக்குகள் பல இப்படித்தான் பிழைத்தன. வெளிச்சுவர் விரிசலாக இருந்தால், நல்ல டிரில்லும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே என்ஜினை இறக்காமல் செய்யலாம். எபாக்ஸி மட்டும் போட்டுப் பிழைத்த வண்டிகளும் உண்டு, வெளிச்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் சுத்தம் செய்து போட்டிருந்தால். அது வேறு பிளாக் கிடைக்கும்வரை ஓட்டுவதற்குத்தான். சிலிண்டர் பக்கமோ மெயின் பேரிங் பக்கமோ விரிசல் போயிருந்தால் வீட்டு வேலை என்ற பேச்சே கூடாது.

என் பிளாக் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. பேரிங்குகளில் மேற்பரப்பு தேய்ந்து அடியிலிருக்கும் செம்பு தெரிந்தது, ரேடியேட்டர் பாதி அடைந்திருந்தது. பழைய பிளாக் ஒன்றைத் தேடிப்பிடித்து, வாட்டர் ஜாக்கெட்டை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி வரவில்லை என்று என் கண்முன்னே காட்டியபிறகுதான் பெரியவர் அதில் கை வைத்தார். சோதனை முடிந்த தேதியையும் அழுத்தத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவேயில்லை.

இப்படி யாரிடமாவது ஏற்கெனவே வேலை செய்துகொண்டவர்கள் இன்றைக்கே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, ஆயிலும் வெளுத்திருந்தால் என்ஜினை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக்கிடம் போகும்வரைதானே என்று ஓட்டவும் வேண்டாம். நான் அப்படி ஓட்டிய தூரம்தான் பேரிங்குகளைத் தின்றது. கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.